நெட்டைக்குப் போட்ட இருபது பந்து

பதினேழு வருடமாக ஒரே கிளப்பில் கோல்கீப்பராக இருக்கிறேன் என்று சொன்னால் கேட்கிறவர் முகம் முதலில் மலரும். எத்தனை ஆட்டம் ஆடியிருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. முப்பத்தொன்று என்பேன். உடனே அவருக்கு ஏதாவது அவசர வேலை ஞாபகம் வந்துவிடும்.

நீங்கள் வகுத்துப் பார்க்க வேண்டாம், நானே பார்த்துவிட்டேன். வருடத்துக்கு இரண்டு ஆட்டம்கூடத் தேறாது. இதற்குள் ஏழு கோச் வந்து போய்விட்டார்கள். என்னைவிட நன்றாக ஆடிய எத்தனையோ பேர் முழங்கால் போய், முதுகு போய், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நான் மட்டும் ஆணி அடித்த மாதிரி பெஞ்சின் ஓரத்திலேயே இருந்தேன். ஆடினால்தானே அடிபடும்?

என் மனைவியின் அண்ணன் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு வந்தால் என் உத்தியோகத்தைப் பற்றிப் பேசாமல் போகமாட்டார். "மாப்ள, இந்த மாதிரி வேலை ஒண்ணு எனக்கும் பாத்துக் குடுங்க. வெயிலுக்குக் கூரை, மழைக்குக் கூரை, முதல் வரிசைல சீட்டு, டிக்கெட்டும் கிடையாது." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பதில் எனக்கு இணை யாரும் இல்லை.

என்னை ஏன் யாரும் அனுப்பவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். ஆட்டத்துக்கு முன்னால் முதல் கீப்பருக்கு உடம்பு சூடேற வேண்டும். அவன் கோலில் நிற்பான், நான் எதிரே நின்று கையால் பந்து போடுவேன். கடைசியில் கோச் பார்க்க இருபது பந்து. கேட்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. ஆனால் அதை என்னைப்போலச் செய்ய நாங்கள் ஆடுகிற லீக் பிரிவில் ஆள் கிடையாது. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

கீப்பர் என்கிற பிறவி பயந்த பிறவி. முந்தின வாரம் ஒரு கோலை விட்டிருந்தால் இந்த வாரம் அவன் நடந்து வருவதிலேயே எனக்குத் தெரிந்துவிடும். அவனுக்கு முதல் ஐந்தாறு பந்தை நெஞ்சுக்கு நேராகப் போடுவேன். பிறகு பக்கவாட்டில் ஒன்று, அவன் பாய்ந்தால் சரியாக உள்ளங்கையில் போய் உட்கார்கிற மாதிரி. பார்க்கிற கூட்டம் கை தட்டும். அவன் தோள் நிமிரும். அந்தப் பந்து பிடிக்கப்படுவதற்காகவே போடப்பட்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். இருபதாவது பந்துக்குள் அவன் தன்னைப் பெரிய சூரன் என்று நம்பிவிடுவான். அந்த நம்பிக்கையோடு உள்ளே போவான், நான் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காரப் போவேன்.

அதனால் ஒப்பந்தம் முடிகிற ஒவ்வொரு தடவையும் முதல் கீப்பர் மேனேஜரிடம் போய்ச் சொல்வான், "அண்ணன் இருக்கட்டும் சார்." மூன்று கீப்பர்கள் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நன்றாக ஆடுகிறவன் என்று ஒருத்தனும் சொன்னதில்லை. இருக்கட்டும், அவ்வளவுதான். மூலையில் கிடக்கிற ஏணியைப் பற்றியும் அப்படித்தான் சொல்வார்கள்.

இப்போது இருக்கிற முதல் கீப்பரை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவோம். கையைத் தூக்கினால் குறுக்குக் கம்பத்தைத் தொடுவான். வந்து ஏழு வருடம் ஆகிறது. அவன் வந்த பிறகு நான் ஆடியது இரண்டே ஆட்டம், இரண்டும் அவன் வந்த முதல் வருடத்தில், அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது. அப்போது என் மகளுக்கு நாலு வயது, பாட்டி வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். இப்போது பதினொன்று. அப்பா ஆடி அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

போன வருடம் பள்ளியில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். "என் அப்பா கால்பந்து வீரர். அவர் உட்கார்ந்திருப்பார்" என்று எழுதியிருந்தாள். டீச்சர் பக்கத்திலேயே சிவப்பு மையில் "அப்புறம்?" என்று கேட்டிருந்தார். என் மனைவி அந்த நோட்டைப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டீச்சர் மேல் வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கேட்கக்கூடாத கேள்வியையா கேட்டுவிட்டார், நியாயமான கேள்விதான், அதுதான் கோபம்.

இந்த வருடப் போட்டிகள் தொடங்கும்போதே கோச்சின் அறைக்குப் போய் நின்றேன். என்னைவிட நாலு வயது சின்னவர். "கோச், இதோட எனக்குப் போதும். கடைசி ஆட்டம் மட்டும் என்னை ஆட விடுங்க. என் பொண்ணு பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்," என்றேன். அவர் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தார். "நம்ம மைதானம்தான். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும், சும்மா ஆட்டம். தாராளமா ஆடுங்க," என்றார்.

அன்றைக்கே வீட்டில் சொன்னேன். மகள் காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எட்டு மாதம் முன்கூட்டியே அன்றைய பணியை மாற்றிக்கொண்டாள், அவளோடு வேலை செய்கிறவர்களுக்கு இன்னும் அது வேடிக்கை. மச்சான் மட்டும், "பந்து எந்தப் பக்கம் வரும்னு ஞாபகம் இருக்குமா மாப்ள?" என்று கேட்டார். நான் அன்று முதல் மற்றவர்கள் போன பிறகும் தனியாக ஒரு மணி நேரம் பயிற்சி செய்தேன். முப்பத்தெட்டு வயதில் தரையில் விழுந்து எழுந்திருப்பது எப்படி இருக்கும் என்று என் இடுப்பைக் கேளுங்கள்.

சும்மா ஆட்டமாகவே இருந்திருக்க வேண்டியது. எங்கள் ஆட்கள் விடுவார்களா? வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றார்கள். கடைசி ஆட்டத்தில் சமன் செய்தால்தான் இந்தப் பிரிவில் இருக்கலாம், தோற்றால் கீழ்ப் பிரிவுக்குப் போகவேண்டும் என்று ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை கோச் என்னைக் கூப்பிட்டார். நான் உட்காருவதற்குள், "நிலைமை உங்களுக்கே தெரியும்," என்றார். தெரியும் என்றேன். வெளியே வந்து கிளவுஸைச் சுவரில் ஓங்கி அடித்தேன். துணி துவைக்கிறவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

வெள்ளிக்கிழமை பயிற்சியில் பின்வரிசைக்காரன் ஒருத்தன் அடித்த பந்து நெட்டையின் வலது கை மோதிர விரலில் பட்டது. அவன் கையை உதறிவிட்டு அடுத்த பந்துக்கு நின்றான். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஏழு வருடமாக அவன் கையைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சி முடிந்ததும் பந்து வைக்கிற அறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினான். விரல் நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

"அண்ணே, நடு விரலோட சேத்துக் கட்டி விடுங்க. கோச்சுக்குத் தெரிய வேண்டாம்."

"இது உடஞ்சிருக்குடா."

"தெரியும்ணே. நாளன்னைக்கு ஒரு நாள் தாங்கிட்டா போதும். எவனோ பெரிய கிளப்புலேந்து என்னைப் பாக்க வரானாம்."

கட்டிவிட்டேன். எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு, எங்கும் எழுதி வைத்ததில்லை. ஒரு கீப்பருக்கு அடிபட்டது தெரிந்தால் இன்னொரு கீப்பர் அதைக் கோச்சிடம் சொல்லக்கூடாது. சொன்னால் லாபம் யாருக்கு என்று ஊருக்கே தெரியும். அப்படிச் சொன்ன ஒருத்தனை எனக்குத் தெரியும், அதற்குப் பிறகு எந்தக் கிளப்பிலும் ஒரு கீப்பர் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அந்த இரண்டு இரவும் நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வாயைத் திறந்தால் ஆட்டம் எனக்கு. திறக்கவில்லை. நல்லவன் என்பதால் இல்லை, பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் உடை மாற்றும் அறையில் கோச்சே கண்டுபிடித்துவிட்டார். நெட்டை பூட்ஸ் கயிற்றை இடது கையால் மட்டும் கட்டப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கை என்ன?"

"ஒண்ணுமில்ல கோச். லேசா சுளுக்கு."

கோச் என்னைப் பார்த்தார். நான் என் கிளவுஸைப் பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரி, சூடேத்தும்போது நான் பக்கத்துல நிக்கிறேன். இருபது பந்து. ஒண்ணு கையை விட்டுப் போனாலும், ஒண்ணுக்கு முகம் சுளிச்சாலும் நீ வெளிய, அண்ணன் உள்ள," என்றார். என் பக்கம் திரும்பி, "தயாரா இருங்க," என்றார்.

யோசித்துப் பாருங்கள். நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. சட்டத்தை மீறவில்லை. முடிவு பந்திடம், பந்து என் கையிடம். பதினேழு வருடத்தில் ஒரு தடவையாவது என் ஆட்டம் என் கையில் இருந்ததா? அன்றைக்கு இருந்தது. அவனுக்கு வலது பக்கம், தலைக்கு மேலே வேகமாக ஒரே ஒரு பந்து. விரல் நுனியில் பட்டால் அவன் கத்தியே விடுவான்.

மைதானத்துக்குள் போனபோது என் வீட்டு ஆட்கள் மூன்று பேரும் வந்திருந்தார்கள், கோலுக்குப் பின்னால் மூன்றாவது வரிசை. கூட்டம் இன்னும் சேரவில்லை. என் மகள் என் நம்பர் போட்ட சட்டையை அணிந்திருந்தாள். அந்த நம்பரில் சட்டை கடையில் கிடைக்காது, என் மனைவி தைக்கக் கொடுத்திருக்க வேண்டும். மச்சான் இரண்டு கையையும் வாயில் குவித்து, "மாப்ள, தூங்கிடாதீங்க," என்று கத்தினார். நான் இன்னும் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கோச் கோல் கம்பத்தின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நெட்டை நடுவில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது. அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். முந்தின வாரம் கோல் விட்டவன் பார்க்கிற பார்வை.

முதல் பந்து நெஞ்சுக்கு நேராகப் போனது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது இடது பக்கம், மெதுவாக. நாலாவது தரையோடு. ஐந்தாவது இடது பக்கமே கொஞ்சம் உயரமாக, அவன் பாய்ந்து ஒற்றைக் கையால் அள்ளினான். கூட்டத்தில் நாலைந்து பேர் கை தட்டினார்கள். அவன் தோள் நிமிர்ந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள்ளே ஏதோ ஒன்று திருப்தியாகத் தலையாட்டியது. அடுத்ததைப் போட்டேன். அதற்கடுத்ததைப் போட்டேன்.

"பதினாலு," என்று கோச் எண்ணியபோதுதான் எனக்கு உறைத்தது.

பதினாலு பந்தில் ஒன்றுகூட வலது மேல் மூலைக்குப் போகவில்லை. வலது பக்கம் போன மூன்றும் இடுப்பு உயரத்தில், உள்ளங்கைக்குப் பொருந்துகிற மாதிரி, விரலைத் தொடாமல் போயிருக்கின்றன. நான் அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். தியாகம் என்று யாராவது சொன்னால் அறைவேன். நான் நினைக்கவே இல்லை, கை தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. முட்டாள் கை.

ஆறு பந்து பாக்கி இருந்தது. இப்போது போடுடா என்று எனக்கு நானே சொன்னேன். பதினைந்தாவதை வலது பக்கம் உயரமாகத்தான் போட்டேன். போகிற போக்கில் வேகம் செத்து, பழுத்த பழம் விழுகிற மாதிரி அவன் உள்ளங்கையில் விழுந்தது. பதினாறும் அப்படித்தான். பதினேழை ஓங்கி எறிந்தேன், அது நேராக நெஞ்சுக்குப் போனது. பதினேழு வருடமாக ஒருவன் பிடிப்பதற்காகவே பந்து போட்டவனுக்கு, ஒருவன் விடுவதற்காகப் பந்து போடத் தெரியவில்லை. பழகவே இல்லையே. எந்தக் கோச்சும் எனக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

இருபதாவது பந்துக்கு இரண்டடி பின்னால் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு வலது மேல் மூலையைப் பார்த்து எறிந்தேன். நெட்டை பறந்தான். இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து தட்டி வெளியே தள்ளினான். அந்த மாதிரி ஒன்றை அவன் வாழ்நாளில் தடுத்ததில்லை. மொத்த வரிசையும் எழுந்து நின்று கை தட்டியது. அவனுக்கு நான் அவ்வளவு நம்பிக்கை ஏற்றி வைத்திருந்தேன்.

"நல்லாத்தான் இருக்கான்," என்றார் கோச். போகும்போது என் முதுகில் தட்டினார். "அருமையா சூடேத்திட்டீங்க."

ஆட்டம் எப்படி இருந்தது என்கிறீர்களா? அதைச் சொல்லவே எனக்கு வாய் கசக்கிறது. எதிர் அணிக்கு அந்த ஆட்டத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, ஏனோதானோ என்று ஓடினார்கள். தொண்ணூறு நிமிடத்தில் எங்கள் கோலுக்கு வந்தது மூன்றே பந்து. ஒன்று உருண்டு வந்தது. ஒன்று எங்கள் ஆளே திருப்பிக் கொடுத்தது. மூன்றாவது நேராக அவன் வயிற்றுக்கு வந்தது. நான் ஆடியிருக்கலாம். என் மச்சான் செருப்போடு வந்து ஆடியிருக்கலாம்.

எண்பதாவது நிமிடத்தில் கோச் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். இன்னும் ஒரு ஆளை மாற்ற வாய்ப்பு பாக்கி இருந்தது. நான் மேல்சட்டையின் ஜிப்பைக் கீழே இறக்கிவிட்டேன். அவர் பார்வை என் மேல் வந்து, என்னைத் தாண்டி, பக்கத்தில் இருந்த பின்வரிசைக்காரனிடம் போனது. வெள்ளிக்கிழமை நெட்டையின் விரலை உடைத்த அதே புண்ணியவான். ஜிப்பை மறுபடி மேலே ஏற்றினேன். கோலுக்குப் பின்னால் மூன்றாவது வரிசையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பூஜ்யத்துக்குப் பூஜ்யம். தப்பித்தோம். உடை மாற்றும் அறையில் ஒரே கூச்சல், தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டார்கள். நெட்டை வலது கையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "அண்ணே, நீங்க இல்லன்னா நான் இன்னைக்குச் செத்தேண்ணே. நீங்க போட்ட அந்தக் கடைசிப் பந்து இருக்கே, அதுக்கப்புறம் எனக்கு பயமே போயிடுச்சு." அவனை ஓங்கி ஒரு குத்து விடவேண்டும் போல இருந்தது. ஆனால் உடைந்த விரல் இடிபடாமல் தள்ளித்தான் பிடித்துக்கொண்டேன்.

அந்தக் கூச்சலுக்கு நடுவில் மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். "இன்னும் ஒரு வருஷம் இருங்க. பெரிய கிளப்புலேந்து பாக்க வந்தவங்க கூப்பிட்டும் நெட்டை வேண்டாம்னுட்டான். அண்ணன் இருந்தா நானும் இருக்கேங்கிறான். என்ன சொல்றீங்க?" நான் என்ன சொல்கிறேன் என்று கேட்டுவிட்டு, நான் சொல்வதற்கு முன்னால் பேனாவை நீட்டினார். இது கடைசி என்று எட்டு மாதம் முன்பே சொன்ன மனுஷன் நான். இடுப்பு போன மனுஷன். பேனாவை வாங்கினேன். அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் காகிதத்தை மடித்துக்கொண்டு போன பிறகுதான், போட்டுவிட்டேனே என்று தோன்றியது.

வெளியே வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் மூன்று பேரும் காத்திருந்தார்கள். மச்சான் என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். அவர் கேலி பேசாமல் நின்று நான் அன்றுதான் பார்க்கிறேன். அது கேலியைவிட மோசமாக இருந்தது. என் மனைவி பையை என்னிடமிருந்து வாங்கிப் பின்னால் வைத்தாள்.

"முன்னாடியே தெரியுமா?" என்றாள்.

"செவ்வாய்க்கிழமையே தெரியும்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்." கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாக இருந்தாள். அன்றைய பணியை மாற்றிக்கொள்வதற்காக முந்தின இரண்டு நாளும் இரட்டை வேலை பார்த்திருந்தாள்.

காரில் ஏறினோம். மகள் என் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கேட் தாண்டியதும் முன்னால் குனிந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளும்மா."

"அந்த அண்ணனுக்கு வலது கைல அடி பட்டிருந்துச்சுல்ல? கிளவுஸ் மாட்டும்போது பாத்தேன், ரெண்டு விரலைச் சேத்துக் கட்டியிருந்துச்சே. அப்புறம் ஏன் நீ எல்லாப் பந்தையும் அவர் பிடிக்கிற மாதிரியே போட்ட?"

நான் எப்படிப் போட்டேன் என்பது பத்தடி தூரத்தில் கம்பத்தின் பக்கத்தில் நின்ற கோச்சுக்குத் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் இருந்த பதினொரு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் அன்று முழுக்க என்னை மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"அதுதான்மா அப்பா வேலை," என்றேன்.

"சரி, இனிமேதான் அந்த வேலை இல்லையே," என்றாள். என்னைச் சமாதானப்படுத்துகிற குரல்.

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மனைவி வண்டி ஓட்டிக்கொண்டே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தாள். பதினைந்து வருடமாகப் பார்க்கிறவள், கேட்க வேண்டியதில்லை.

"போட்டுட்டீங்களா கையெழுத்து?" என்றாள்.

"ஒரு வருஷம்."

சிக்னலில் நின்றோம். பின்னால் சரசரவென்று சத்தம் கேட்டது. மகள் என் நம்பர் போட்ட சட்டையைத் தலைவழியாகக் கழற்றினாள். உள்ளே வேறு சட்டை போட்டிருந்தாள். கழற்றியதை மடியில் வைத்து, சுருக்கம் விழாமல் பொறுமையாக மடித்தாள்.

"நீ ஆடற அன்னைக்கு மட்டும் சொல்லுப்பா," என்றாள். "அன்னைக்கு வரேன்."